செம்பட்டை முடியும் ஒரு கார்ட்டூனும்

‘சவுத் பார்க்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 2005 நவம்பரில் வந்த ஓர் எபிசோட். எரிக் கார்ட்மேன் என்ற நாலாம் வகுப்புப் பையன் வகுப்பின் முன்னால் நின்று பேசுகிறான். செம்பட்டை முடியும் வெளிறிய தோலும் முகமெல்லாம் பழுப்புப் புள்ளியுமாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நோய் இருக்கிறதாம். அவர்களுக்கு ஆன்மாவே கிடையாதாம். அவனுக்குப் புத்தி புகட்ட நினைத்த கூட்டாளிகள், அவன் தூங்கும்போது தோலை வெளுக்கவைத்து, தலைக்குச் சாயம் பூசி, முகத்தில் மருதாணிப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். விடிந்ததும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தவன் திருந்தினானா? செம்பட்டை முடிக்காரர்களே உயர்ந்த இனம் என்று இயக்கம் கட்டி, மற்றவர்களையெல்லாம் ஒழித்துக்கட்டக் கிளம்பிவிடுகிறான். கடைசிக் கட்டத்தில் ஒருவன் உண்மையைக் காதில் ஓதுகிறான். உடனே கார்ட்மேன், எல்லோரும் கைகோத்து வாழ்வோம் என்று பாட ஆரம்பித்துவிடுகிறான்.

வெறுப்புக்குக் கொள்கை எதுவும் கிடையாது, தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதே அதன் ஒரே கொள்கை என்பதை அரை மணி நேரத்துக்குள் இதைவிடக் கூர்மையாகச் சொல்வது கடினம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2008-இல் கனடாவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், செம்பட்டை முடிக்காரர்களை உதைப்பதற்கென்று ஒரு நாளை ஃபேஸ்புக்கில் அறிவித்தான். பள்ளிகளில் பிள்ளைகள் நிஜமாகவே உதை வாங்கினார்கள். மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் கலபாசஸ் நகரப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அப்படி அடிபட்டான். வெறுப்பைக் கேலி செய்ய எழுதியது வெறுப்புக்கே அழைப்பிதழாகிவிட்டது. இந்தப் பாவம் யார் கணக்கில் ஏறும்?

கார்ட்டூன்தானே என்பது பதிலாகாது. அடி வாங்கியவன் கார்ட்டூன் பையன் அல்ல. சிறுவர்கள் பார்த்தது தப்பு என்பதும் பாதிதான் நிற்கும். தொடரின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கை, இதன் உள்ளடக்கம் காரணமாக யாருமே இதைப் பார்க்கக் கூடாது என்று குறும்பாகச் சொல்லும். யாருமே பார்க்கக் கூடாது என்று சொன்னால், யாரையும் தடுக்கவில்லை என்றுதான் பொருள்.

தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் காகிதம் வெட்டி ஒட்டி நகர்த்தி எடுத்த முதல் எபிசோட் 1997-இல் ஒளிபரப்பான நாளிலிருந்தே ரசிகர்கள் ஒருமனதாக இருந்ததில்லை. பழைய சீசன்கள்தான் சீசன்கள், பிற்பாடு எல்லாம் அரசியல் பிரசங்கம் என்பார் ஒருவர். அந்தப் பழைய சீசன்களைத்தான் இப்போது மனசார ரசிக்க முடியவில்லை என்பார் இன்னொருவர். மலஜலத்தை வைத்துச் செய்யும் நகைச்சுவை சலித்துவிட்டது என்பவர்களும் உண்டு. அது ரசனையைப் பற்றிய பேச்சு, விட்டுவிடலாம். அறம் சார்ந்த சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே காட்சிக்கு இருவர் சிரிக்கிறார்கள், இரண்டும் ஒரே சிரிப்புதானா?

நகை பிறப்பதற்குத் தொல்காப்பியம் நான்கு காரணங்கள் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கார்ட்மேன் வகுப்பில் பேசும் காட்சியில் ஒருவர் அவனுடைய பேதைமையைக் கண்டு சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவரோ அவன் செய்யும் எள்ளலில் தானும் சேர்ந்துகொண்டு சிரிக்கிறார். சத்தத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இது ‘சவுத் பார்க்’குக்கு முன்பே தெரிந்த விஷயம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’யில் ஆர்ச்சி பங்கர் என்ற நியூயார்க் குடும்பத் தலைவர், கறுப்பர்களையும் யூதர்களையும் பெண்களையும் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவார். அவருடைய மூடத்தனத்தை அம்பலப்படுத்தத்தான் நார்மன் லியர் அந்தத் தொடரைச் செய்தார். நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், இனக் காழ்ப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைக் கேலிப் பொருளாகவே பார்க்கவில்லை என்று தெரியவந்தது. அவர்களுக்கு அவர் மனதில் பட்டதைத் துணிந்து பேசுகிற மனுஷன். ஆக, நல்ல நோக்கத்தோடுதான் எழுதினேன் என்பது எழுதியவரின் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரும்; பார்ப்பவர் வீட்டில் அதற்குச் செல்வாக்கில்லை.

ரசிகர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம், இந்தத் தொடர் யாரையும் விட்டுவைப்பதில்லை, அதனால் நியாயமானது என்பது. எல்லோரையும் ஒரே கோலால் அடித்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்குமா? ஹாலிவுட் நட்சத்திரத்தைக் கிண்டல் செய்தால் அவருக்கு விளம்பரம். செம்பட்டை முடிப் பிள்ளையோ மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சுத்தமாக இல்லை. சயின்டாலஜி மதத்தை நக்கலடித்த எபிசோட் 2005-இல் வந்தது. மறு ஆண்டு மார்ச்சில், செஃப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த பாடகர் ஐசக் ஹேய்ஸ், மத நம்பிக்கைகளைப் புண்படுத்துவதாகக் கூறித் தொடரிலிருந்து விலகியதாக அறிக்கை வந்தது. அவரும் அந்த மதத்தைச் சேர்ந்தவர். கிறிஸ்தவர்களைக் கேலி செய்தபோதெல்லாம் சம்பளத்தை வாங்கிக்கொண்டவர்தானே என்று ஸ்டோன் திருப்பிக் கேட்டார். அழகான பாடம் போலத் தெரிகிறது: அடுத்தவன் சாமி என்றால் சிரிப்பு, தன் சாமி என்றால் கோபம். ஆனால் ஹேய்ஸுக்கு அந்த ஜனவரியில்தான் பக்கவாதம் வந்திருந்தது. விலகல் முடிவை அவர் எடுக்கவில்லை, அவர் சார்பில் மற்றவர்கள் எடுத்தார்கள் என்று பின்னாளில் அவர் மகன் சொன்னார். ஊரே எடுத்துக்காட்டிச் சிரித்த இரட்டை வேடம், உடம்பு முடியாத மனிதர் ஒருவரின் தலையில் கட்டப்பட்டதாக இருக்கலாம். கேலிக்கு இதையெல்லாம் விசாரிக்கப் பொறுமை கிடையாது.

அவசரம் இந்தத் தொடரின் உடம்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான எபிசோடுகள் ஆறே நாளில் எழுதி, வரைந்து, குரல் பதிந்து ஒளிபரப்பாகின்றன. அன்றைய செய்தியை அன்றைய சூட்டிலேயே அடிக்கும் பலம் அங்கிருந்துதான் வருகிறது, தவறும் அங்கிருந்துதான். 2006-இல் புவி வெப்பமயமாதலைப் பற்றிப் பேசிவந்த முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரை, இல்லாத பூதத்தைக் காட்டி ஊரைப் பயமுறுத்தும் கோமாளியாக வரைந்தார்கள். பாதி மனிதன், பாதி கரடி, பாதி பன்றி என்று அந்தப் பூதத்துக்குக் கணக்கே இடிக்கும். 2018-இல் இரண்டு எபிசோடுகளில் அதே பூதம் நிஜமாகவே ஊருக்குள் புகுந்து ஆட்களைக் கிழிக்கிறது; பிள்ளைகள் கோரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆறு நாளில் செய்த கேலியைத் திரும்பிப் பார்க்கப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. இருந்தாலும் தன் பழைய நகைச்சுவையைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற துணிச்சல் எத்தனை தொடர்களுக்கு உண்டு? அன்று கோரைப் பார்த்துச் சிரித்த ரசிகரும் தன் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தாரா என்பதை எந்த எபிசோடாலும் காட்ட முடியாது.

ரசிகரின் அந்தச் சிரிப்பைச் சீண்டிப் பார்க்கவென்றே போல ஒன்றை 2022-இல் செய்தார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் ஒரு கறுப்பினப் பையன் உண்டு, பெயர் டோக்கன். பேருக்கு ஒரு கறுப்பரை, ஆங்கிலத்தில் ‘டோக்கன்’ ஆக, சேர்த்துக்கொள்ளும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பழக்கத்தைக் குத்திக்காட்ட வைத்த பெயர் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சிரித்து வந்தார்கள். அந்த எபிசோடில் பையனின் பெயர் டோல்கீன் என்று தெரியவருகிறது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன்மேல் உள்ள பிரியத்தில் பெற்றோர் வைத்ததாம். கூடவே வளர்ந்த ஸ்டேன் கூனிக்குறுகிப் போகிறான். ஒரு கறுப்பினப் பையனுக்கு டோக்கன் என்று ஒரு பெயர் இருக்கும் என்று எப்படி நம்பினாய் என்று ஊரே அவனைப் பார்க்கிறது. தாங்கள் வைத்த பெயருக்கான வெட்கத்தைப் பார்த்தவர்கள் தலையில் இறக்கிவிட்டு நழுவும் சாமர்த்தியம் இதில் இருக்கிறது என்று சில ரசிகர்கள் சினந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஸ்டேனின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கும், அந்தப் பெயரைக் கேட்டு இத்தனை வருஷம் ஏன் சிரித்தோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.