பூனைக்குட்டியின் பசியும் இல்லறத்தாரின் விரதமும்

பசித்த உயிருக்கு உணவளிப்பது அறம் என்பதில் நம்மவருள் கருத்து வேற்றுமை இல்லை. பசுவுக்கு அகத்திக்கீரையும், எறும்புப் புற்றருகே அரிசி நொய்யும், புறாவுக்குக் கம்பும் இடுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அப்போது நம் மனத்தில் ஐயம் எழுவதில்லை. இடும் உணவும் தூயது. நம் கண்முன் அது வேறோர் உயிரைக் கொல்லக் காண்பதும் இல்லை. ஆனால், வாசலில் கிடந்து கத்துவது ஊனுண்ணும் பிராணியின் குட்டியாக இருப்பின் நம் கடமை யாது? அதைக் காப்பது ஜீவதயையா? அன்றி, நாளை அது பிடிக்கப்போகும் எலிக்கும் குருவிக்கும் நாம் இன்றே இழைக்கும் தீங்கா?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், வேலை நிமித்தம் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்கள் இங்குண்டு. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இம்மூலை கர்நாடக எல்லையை ஒட்டியது. ஜுஜுவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. நாம் பூனை என்பதை அடுத்த வீட்டார் பில்லி என்பர். எதிர்வீட்டார் பெக்கு என்பர். சரக்குக் கிடங்குகளிலும், லாரி நிறுத்தங்களிலும், மரச்சட்டங்கள் அடுக்கிய கொட்டகைகளிலும் அவை குட்டி ஈனுகின்றன. நெடுஞ்சாலையிலோ இரவு பகல் பாராது வண்டிகள் ஓடுகின்றன. இரைதேடிச் சாலையைக் கடந்த தாய் திரும்பாவிடில், கண் திறவாத குட்டிகள் பசித்துக் கத்திக்கொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் நம் குடும்பத்துப் பெண்ணொருத்தி, அத்தகைய மூன்று குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொணர்ந்தாள். அவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்றவள். தாய் லாரியில் அடிபட்டதைக் கண்டவர் அவளிடம் கூறியிருந்தனர். வீட்டில் இரு கட்சி எழுந்தது. "பூனை வளர்ப்பது சிராவகர்க்கு விலக்கப்பட்டதம்மா, எடுத்த இடத்திலேயே விட்டுவிடு" என்றார் மாமனார். மாமியாரோ இரக்கம் மிகுந்து, குட்டிகளைக் கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பசும்பாலைப் பாலாடையால் புகட்டினார். மூன்றாம் நாள் ஒரு குட்டி வயிற்றுப்போக்கால் இறந்தது. அன்று மாலை அவள் என்னிடம் வந்து, "டீச்சர், எடுத்தது பாவமா, எடுக்காமல் விட்டிருந்தால் பாவமா?" என்று கேட்டாள்.

மாமனார் கூற்றுக்கு நூலாதாரம் உண்டு. கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் பிராகிருத நூல், பூனை முதலியவற்றை வைத்திருப்பதை ஆயுத விற்பனையோடு ஒருசேர எண்ணிப் பயனில் தீவினையாகிய அனர்த்த தண்டத்தில் வைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவேதாம்பர ஆசாரியரான ஹேமசந்திரரின் யோக சாஸ்திரமும், கிளி, நாகணவாய், பூனை, நாய், சேவல், மயில் ஆகியவற்றைப் பொருளீட்டும் பொருட்டு வளர்ப்பதை விலக்கப்பட்ட தொழில்களுள் ஒன்றாகக் கூறுகிறது.

மாமியார் பக்கமும் நூலாதாரம் உண்டு. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல் ஆகிய நான்கின்பின் ஐந்தாவதாக வருவது அன்னபான நிரோதம். அஃதாவது, உரிய உணவையும் நீரையும் தடுத்தல். கொல்லாமல் இருந்தால் போதாது. நம் கையை நம்பியுள்ள உயிரைப் பட்டினி போடுவதும் கொல்லாமைக்கு மாசு என்பது இதன் கருத்து.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அங்ஙனமில்லை. எலியைக் கொல்வதற்கென்று பூனையை வைத்திருப்பவனுக்கு அது ஒரு கருவி. ஆகவேதான் அது வாளோடு சேர்த்து எண்ணப்பட்டது. விற்பதற்காக வளர்ப்பவனுக்கு அது ஒரு சரக்கு. தாயிழந்து குளிரில் நடுங்கும் பத்து நாள் குட்டி கருவியும் அன்று, சரக்கும் அன்று. பசித்த உயிர், அவ்வளவே. சீவக சிந்தாமணியில் அடிபட்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணனாகப் பிறக்கிறது. அந்த நாய் இதுவரை எதை உண்டது என்று சீவகன் கேட்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே எடுத்தது பாவமன்று. ஆனால் எடுத்தபின் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, பாடத்துக்கு முன் குழந்தையை அறிய வேண்டும் என்பது. உயிரைப் பேணுவோர்க்கும் இது பொருந்தும். இம்சையை வரையறுக்கும்போது உமாசுவாமி, பிரமாதத்தை, அஃதாவது கருத்தின்மையை, அதன் வேராகக் கூறுகிறார். அன்பு மிகுந்தும் அறியாமையால் புகட்டிய பால் ஓர் உயிரைப் போக்கியது. அந்த அம்மையாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இரக்கத்துக்கு அறிவு துணை வேண்டும் என்பதே நான் கூற வந்தது.

கால்நடை மருத்துவர்கள் கூறுவனவற்றைச் சுருக்கித் தருகிறேன். முதலாவது, தனித்துக் கிடக்கும் குட்டியெல்லாம் அனாதையன்று. தாய் இரைதேடப் போயிருக்கலாம். குட்டி வெதுவெதுப்பாகவும் வயிறு நிறைந்தும் அமைதியாகவும் இருந்தால், சில மணி நேரம் எட்ட நின்று பார்ப்பதே முறை. அவசரப்பட்டு எடுப்பவர், தாயுள்ள குட்டியைத் தாயற்றதாக்கி விடுவர். இரண்டாவது, உடல் குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் தரலாகாது. குளிர்ந்த குடல் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றிய பின்னரே புகட்ட வேண்டும். மூன்றாவது, மல்லாத்திப் புகட்டலாகாது. தாயிடம் குடிப்பதுபோல் குப்புற வைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, சிறு புட்டியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ துளித்துளியாகத் தருதல் வேண்டும். மூக்கின் வழியே பால் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நுரையீரலில் பால் புகுந்தால் பிழைப்பது அரிது. நான்காவது, பூனையின் பாலில் புரதம் பசும்பாலில் உள்ளதைவிட இரு மடங்குக்கு மேல் உண்டு. பசும்பால் குட்டியின் வளர்ச்சிக்குப் போதாது, வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த பால்மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சிலவற்றில் முட்டை சேர்ப்பதுண்டு. நம்மவர் உறையைப் படித்து வாங்க வேண்டும். ஐந்தாவது, மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிச் செய்வதை, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி நாம் செய்ய வேண்டும். பிறந்தபோது ஏறத்தாழ 100 கிராம் உள்ள குட்டி, நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் கூட வேண்டும். எடை கூடாத நாளில் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும், பால் தர வேண்டும். இரவுண்ணாமை காக்கும் வீட்டில் இது தகுமா என்று அப்பெண் கேட்டாள். கைக்குழந்தைக்கு நள்ளிரவில் பாலூட்டும் தாயை விரதம் கெட்டவள் என்று எந்தப் பெரியவரும் கூறியதில்லை என்று விடை கூறினேன். அவள் இரவில் தான் உண்ணவில்லை, அது போதும். மூன்று வாரம் அலாரம் வைத்து எழுந்தாள். இரு குட்டிகளும் பிழைத்தன.

கடினமான பகுதி இதன் பின்னரே வருகிறது. நான்கு வாரம் கழிந்ததும் குட்டி பாலை விட்டுத் திட உணவுக்கு மாறத் தொடங்கும். தயிர்சாதமும் பருப்புசாதமும் இட்டு வளர்த்தால் என்ன என்பது நம் வீடுகளில் எழும் கேள்வி. டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடலால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அது ஊனில் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் இல்லை என்றே கூறலாம். அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்று 1975இலும், இதயத் தசை நலியும் என்று 1987இலும் அறிவியலார் கண்டறிந்தனர். டாரினைத் தொழிற்சாலையில் ஊனின்றி ஆக்க இயலும். அதைச் சேர்த்த சைவத் தீவனங்களும் உலகில் உள்ளன. ஆயினும், வளரும் குட்டிக்கு அதை மட்டுமே நம்புவதை மருத்துவர் பலர் ஏற்பதில்லை. ஆக, நம் சமையலறைச் சோற்றையே கொடுத்து வளர்த்தால், நம் விரதம் காக்கப்பட்டதாக நாம் மகிழ்ந்திருக்க, அவ்வுயிர் மெல்ல மெல்லக் கண்ணிழக்கும். அதுவே அன்னபான நிரோதம்.

இங்கே ஒரு பெரியவர் தடை எழுப்பினார்: "பகவான் மகாவீரர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்தபோது, முனிவர் உபதேசம் கேட்டு ஊனைத் துறக்கவில்லையா? சிங்கத்தால் இயன்றது பூனையால் இயலாதா?" சிந்திக்க வேண்டிய வினா. ஆனால் அந்தச் சிங்கம் உபதேசம் கேட்டது, உணர்ந்தது, தானே துறந்தது. எவரும் அதைக் கூண்டிலடைத்து ஊனை மறுக்கவில்லை. விரதம் என்பது ஏற்பவன் தன்மேல் தானே ஏற்றுக்கொள்வது. பிறர்மேல் ஏற்றினால் அதன் பெயர் பட்டினி. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகத் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் நம்மவர் எழுந்து, இது தானே விரும்பி ஏற்கும் தவம் என்றனர். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. தானே ஏற்பதே தவம் என்று மன்றத்தில் வாதிட்ட நாம், வீட்டில் வாயற்ற உயிர்மேல் நம் தவத்தைச் சுமத்தலாமா?

டெல்லி செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனை உலகப் புகழ்பெற்றது. புறாக்களும் கிளிகளும் அங்கே தங்கிச் சிகிச்சை பெறுகின்றன. ஊனுண்ணும் பறவைகளைத் தங்கவைத்துப் பேணுவதில்லை. புறநோயாளிகளாகப் பார்ப்பதோடு சரி. காயமுற்ற பருந்தை அங்கே ஏற்காததால், நதீம், சவூத் என்னும் இசுலாமியச் சகோதரர் இருவர் தாமே பருந்துகளைப் பேணத் தொடங்கினர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் வெளிவந்து உலகெங்கும் பாராட்டப்பெற்றது. மருத்துவமனையின் எல்லையை நான் பழிக்கவில்லை. இயலாததை இயலாது என்று கூறுவதும் ஒரு நேர்மை. ஆனால் நாம் நிறுத்திய இடத்தில் வேறொருவர் தொடர்ந்தனர் என்பதையும் நன்றியோடு ஏற்க வேண்டும்.

அப்பெண்ணும் அதையே செய்தாள். பாற்பருவம் முடியும்வரை தானே பேணினாள். பின்னர், எல்லைக்கப்பால் அத்திப்பள்ளியில் வசிக்கும், வேறு உணவு வழக்கமுடைய உடன்பணியாளர் குடும்பத்தில், இரண்டையும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கும்படி கேட்டு ஒப்படைத்தாள். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் இயல்புடையது. வெளியே விடாது காப்பதே எலிக்கும் குருவிக்கும் செய்யும் தயை. "அவர்கள் ஊன் கொடுப்பது தெரிந்தும் ஒப்படைத்தால், செய்வித்த குற்றமும் உடன்பட்ட குற்றமும் வாராவோ?" என்றார் மாமனார். முற்றிலும் வாராது என்று நான் கூறவில்லை. இல்லறத்தார் மகாவிரதியர் அல்லர். நம் அடுப்பிலும் உழவிலும் வண்டிச் சக்கரத்திலும் உயிர்கள் மடியவே செய்கின்றன. நாம் அறவே விடவேண்டியது, கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சை. ஏனையவற்றைக் குறைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்துவதே நம் நிலைக்குரிய நெறி. கறை சிறிதும் படாத வழி வேண்டுமெனின், குட்டியைக் கிடங்கிலேயே சாகவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கறையோ அதனினும் பெரிது.

ஆகவே என் முடிபு இது. பூனையை நாமாகத் தேடிச்சென்று வளர்க்க வேண்டா. எலிக்கென்றோ அழகுக்கென்றோ வாங்க வேண்டா. இவ்விடத்தில் முன்னோர் விலக்கு இன்றும் சரியே. ஆனால் தாயிழந்த குட்டி நம் கண்முன் கிடப்பின் விலகிப் போகவும் வேண்டா. எடுப்பதற்கு முன், அதன் இயல்பையும் நம் எல்லையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்தபின் அதன் வயிற்றுக்கு உரியதை அறிந்து கொடுக்க வேண்டும். நம்மால் கொடுக்க இயலாத பருவம் வருமுன், கொடுக்கவல்ல நல்ல இல்லத்தைத் தேடி வைக்க வேண்டும். தன் பொறுப்பிலுள்ள பிராணிக்குப் போதிய உணவளிக்காததையும், தக்க காரணமின்றி அதைக் கைவிடுவதையும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் வருமுன்னரே அன்னபான நிரோதத்தை அதிசாரமாக எண்ணிய மரபினர் நாம். நம் நாவுக்கு நாம் இட்ட கட்டு நம் நாவோடு நிற்கட்டும். நம்மை அண்டிய உயிரின் வயிற்றைக் கட்டுவதற்கு அதைக் கருவியாக்க வேண்டா.