பழங்குடிகளைத் தாக்கு என்றொரு பட்டன்

'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற வீடியோ கேமில் ஒரு பட்டன் உண்டு. கடல் கடந்து போன உங்கள் படை, எந்த அரசின் நிறமும் பூசப்படாத ஒரு மாகாணத்தில் நிற்கும்போது அதை அழுத்தலாம். பழங்குடிகளைத் தாக்கு என்பது அதன் கட்டளை. சிறு சண்டை ஒன்று நடக்கும். நீங்கள் வென்றால், அங்கே இருந்த பழங்குடிகளின் எண்ணிக்கை, மூவாயிரமோ நாலாயிரமோ, பூஜ்யமாகிவிடும். அதன் பிறகு அந்த மண்ணில் கலகம் வராது. குடியேற்றம் தடையின்றி வளரும். ஆயிரம் குடியேறிகள் சேர்ந்ததும் அது உங்கள் நாட்டின் முழு மாகாணம்.

அந்தப் பட்டனை நானும் பலமுறை அழுத்தியிருக்கிறேன். அழுத்துவதற்கு முன் கணக்குப் போட்டிருக்கிறேன். அவர்களை விட்டுவைத்தால் பின்னாளில் உற்பத்தி கொஞ்சம் கூடும். அழித்துவிட்டால் காவலுக்குப் படை நிறுத்த வேண்டியதில்லை. எது லாபம்? மூவாயிரம் பேர் வாழலாமா கூடாதா என்பதை உற்பத்தி விகிதத்தை வைத்து முடிவு செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. அது வராமல் போனதற்கு நான் மட்டும் காரணமில்லை, ஆட்டத்தின் அமைப்பும் காரணம் என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2013இல் வெளியிட்ட கேம் இது. 1444 நவம்பர் 11 அன்று தொடங்கும். அதற்கு முந்தைய நாள்தான் வார்னா போரில் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத், போலந்து, ஹங்கேரி அரசனின் படையை முறியடித்திருந்தார். ஆட்டம் 1821 வரை ஓடும். இடையில் எந்த நாட்டை வேண்டுமானாலும் நீங்கள் நடத்தலாம். இந்த வகை ஆட்டங்களைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்லும் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கம்ப்யூட்டர் எதிரிக்குப் புத்தி போதவில்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் சலிப்பாக இருக்கிறது. பெருத்த நாடு மேலும் மேலும் பெருத்துக்கொண்டே போகிறது, தடுக்க ஆளில்லை. இவை உண்மையான குறைகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒரே வேர்: ஆட்டத்தில் இருப்பது ஒரே நாற்காலி, அது அரியணை.

இதன் மூதாதையைத் தேடிப் போனால் காரணம் விளங்கும். 1993இல் ஃபிலிப் திபோ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய பலகை விளையாட்டின் வாரிசு இது. அதற்கும் பின்னால் போனால் பிரஷ்யா வரும். 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு மன்னருக்குக் காட்டிய போர் விளையாட்டை, 1824இல் அவர் மகன் திருத்தி ராணுவத் தலைமையிடம் கொடுத்தார். அதிகாரிகளுக்குப் போர் பழக்குவதே அதன் நோக்கம். தளபதிக்காகச் செய்த மேசையில் குடியானவனுக்கு இடம் எதற்கு? அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் இன்று நம் பிள்ளைகள் உலக வரலாற்றைக் கற்கிறார்கள்.

மதத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஆட்டத்தில் ஒரு மாகாணத்துக்கு ஒரே மதம், ஒரே பண்பாடு. வேற்று மத மாகாணத்தைப் பிடித்தால் ஒரு மதபோதகரை அனுப்புவீர்கள். மாதா மாதம் சதவீதம் ஏறும். நூறைத் தொட்டதும் மாகாணம் முழுக்க உங்கள் மதம். அமைதி திரும்பும். அடுத்த மாகாணத்துக்குப் போகலாம்.

கிரனாடாவில் நடந்தது என்ன? 1492 ஜனவரியில் அந்த நகரம் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசர்களிடம் விழுந்தது. முஸ்லிம்கள் தங்கள் மதத்தில் தொடரலாம் என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் யூதர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். 1499இல் முஸ்லிம்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502இல் காஸ்டில் ராஜ்யம் முழுவதற்கும், மதம் மாறு இல்லையேல் வெளியேறு என்ற ஆணை. ஆட்டத்தின் கணக்குப்படி இங்கே நூறு சதவீதம் முடிந்துவிட்டது. மண்ணில் முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளையும் சந்தேகக் கண் தொடர்ந்தது. ரத்தத் தூய்மை என்று சட்டம் போட்டு, பாட்டன் யார் என்று கேட்டுப் பதவிகளிலிருந்து தள்ளிவைத்தார்கள். பிறப்பை வைத்துத் தூய்மை பேசும் கொடுமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1568இல் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. கடைசியில் 1609 முதல் 1614 வரை, தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் என்று பதிவாகியிருந்த சுமார் 3 லட்சம் பேரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

ஆணை போட்டு மனத்தை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்தச் சான்றை மறைத்து, மதமாற்றம் என்பது சுவருக்கு வண்ணம் அடிப்பது போன்ற வேலை என்று கற்பிக்கும் ஆட்டம், நம்பிக்கையாளரையும் நம்பாதவரையும் ஒரே நேரத்தில் இழிவு செய்கிறது. கடவுளை நம்பாத நான், கிரனாடாவில் கதவைச் சாத்திக்கொண்டு தொழுதவரின் பக்கம் நிற்கிறேன். மனச்சாட்சி அவருடையது, அரசனுடையது அல்ல.

பகுத்தறிவாளர்களுக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்னேற்றம் ஒரே ஏணி, அதில் சிலர் மேலே, மற்றவர் கீழே என்ற கருத்து நம்மில் பலருக்கும் உள்ளூரப் பிடிக்கும். இந்த ஆட்டமும் அப்படித்தான் தொடங்கியது. நாடுகளை மேற்கத்திய, இந்திய, சீன, நாடோடிக் குழுக்கள் என்று பிரித்து, மேற்கு அல்லாதவர் அறிவியல் கற்கக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 2016இல் அதைக் கைவிட்டு, மறுமலர்ச்சி, அச்சு, அறிவொளி போன்றவை ஓரிடத்தில் தோன்றிப் பரவும் என்று மாற்றினார்கள். புதிய விதிப்படி அச்சு 1550 வாக்கில் ஐரோப்பாவில் தோன்றும், கொரியா அதைக் காத்திருந்து பெற வேண்டும். கொரியாவின் சோங்ஜு நகரில் ஒரு பௌத்த மடம், உலோக எழுத்துகளைக் கோத்து 'ஜிக்ஜி' என்ற நூலை அச்சிட்டது 1377இல். ஜெர்மனியின் குட்டன்பர்குக்கு முக்கால் நூற்றாண்டு முன்பு. சான்றைத் தள்ளிவிட்டு ஏணியைக் காப்பாற்றுவதும் மூடநம்பிக்கைதான், அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்தாலும்.

"வெறும் விளையாட்டுத்தானே, சதுரங்கத்தில் சிப்பாய் சாகவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சதுரங்கம் தன் கட்டத்துக்குப் பொட்டோசி என்று பெயர் வைக்கவில்லை. பொலிவியாவில் இருக்கும் அந்த வெள்ளி மலை 1545இல் ஸ்பெயினியர் கைக்கு வந்தது. 1573 முதல், சுற்றியிருந்த மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவரை முறை வைத்துக் கட்டாயமாகச் சுரங்கத்தில் இறக்கினார்கள். ஆட்டத்தில் சுரங்கம் என்றால் வருமானம், கூடவே கொஞ்சம் பணவீக்கம். நிர்வாகப் புள்ளிகளைக் கொடுத்தால் பணவீக்கம் இறங்கிவிடும். இறங்கியவர்கள் யார் என்று கேட்க அங்கே வழியே இல்லை. அரியணையின் கணக்கையாவது சரியாகச் சொல்கிறதா என்றால் அதுவும் இல்லை. அத்தனை வெள்ளியும் வந்து கொட்டிய இரண்டாம் ஃபிலிப்பின் ஸ்பெயின் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. ஓயாத போர் அந்தச் செல்வத்தைத் தின்றது. ஆட்டத்திலோ போர்தான் லாபமான தொழில். பெருத்த நாடு பெருத்துக்கொண்டே போவதன் காரணம் இங்கே இருக்கிறது.

அதே நிறுவனத்தின் 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' இரண்டாம் உலகப் போரைப் பற்றியது. 1936இன் ஜெர்மனியை நீங்கள் நடத்தலாம். ஆலை கட்டலாம், டாங்கி செய்யலாம். வதை முகாம் கிடையாது. அதை ஒரு பட்டனாக வைப்பது அருவருப்பானது என்பதால் விட்டார்கள், அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதையும், போர்க்கைதிகளாக மடிந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்களையும், 1944இல் அந்த ஆலைகளை ஓட்டிய 70 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களையும் கைதிகளையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது திறமையான, சுத்தமான ஒரு ஜெர்மனி. அப்படி ஒரு ஜெர்மனி இருந்ததில்லை. காட்ட முடியாததைக் காட்ட வேண்டாம். எதை விட்டிருக்கிறோம் என்று, அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கணத்திலேயே சொல்லிவிடுங்கள். அவ்வளவு நேர்மையைக் கேட்க வரலாற்றின் பெயரால் பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

மாற்றம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே நிறுவனத்தின், 1836இல் தொடங்கும் 'விக்டோரியா 3', அடிமை முறையை ஒழிக்கப் போனால் நிலவுடைமையாளர்கள் எதிர்ப்பார்கள் என்பதைக் காட்டுகிறது. 2025இல் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5' மக்களை ஊர் ஊராக எண்ணுகிறது. நல்லது. ஆனால் எண்ணுகிறவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். கீழே இருப்பவர்கள் எழுந்தால் அது அமைதியின்மை, அடக்கப்பட வேண்டிய ஒரு தொல்லை.

எழுந்தவர்களின் நாற்காலியையும் ஆட்டத்தில் போடுங்கள் என்பதே என் கோரிக்கை. அதற்கு வரலாறு போதுமான இடம் தருகிறது, நான்காம் ஆட்டத்தின் காலத்துக்குள்ளேயே தருகிறது. 1791 ஆகஸ்டில் பிரான்சின் கரும்புக் காலனியான சான் டொமிங்கில் அடிமைகள் எழுந்தார்கள். பிரான்சையும் பிரிட்டனையும் ஸ்பெயினையும் எதிர்த்து நின்றார்கள். அவர்களின் தலைவர் துசான் லூவெர்த்யூர் 1803இல் பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். 1804 ஜனவரி 1 அன்று அந்தக் காலனி ஹைட்டி என்ற சுதந்திர நாடானது. 1825இல் பிரான்சின் மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி ஃபிராங்க் கேட்டார். பின்னர் அது 9 கோடியாகக் குறைந்தது. அதற்காக வாங்கிய கடன்களை ஹைட்டி மக்கள் கட்டி முடித்தது 1947இல்.