எல்லை கடந்தால் கடமை குறையுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் போன்ற நம் கரையோர ஊர்களில் ஆண்மக்கள் சபர் சென்று பொருளீட்டுவது தலைமுறை வழக்கம். இல்லறம் முறிந்துவிட்டால் வாப்பா துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார். பிள்ளை ஊரில் உம்மாவிடம் வளரும். அப்போது ஜமாஅத்தின் முன் இரு குரல்கள் எழுகின்றன. "பிள்ளையைக் காட்டவில்லை; பணம் அனுப்பமாட்டேன்" என்பது ஒன்று. "பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பது மற்றொன்று. எது நியாயம்?

இரண்டுமே நியாயமல்ல என்போம் நாம். செலவுப் பணம் உம்மாவுக்குத் தரும் கூலியன்று. அது பிள்ளையின் ஹக்கு. வாப்பாவின் முகத்தைக் காண்பதும் பிள்ளையின் ஹக்கே. பிறருக்குச் சொந்தமானதை ஈடாக வைத்து வழக்காட நமக்கு என்ன உரிமை? அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் உணவு, உடைச் செலவைத் தந்தைமீது சுமத்துகிறது. பிள்ளையைக் கொண்டு தாயையோ தந்தையையோ துன்புறுத்துவதையும் தடுக்கிறது.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவுக்குப்பின் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் பின்தொடர்ந்து வந்தாள். அலீ, ஜஃபர், ஜைது (ரலி) மூவரும் அவளை வளர்க்க உரிமை கோரினர். ஜஃபரின் மனைவி சிறுமியின் தாயுடன் பிறந்தவர் என்பதால் அவ்வீட்டில் ஒப்படைத்தார்கள் நபியவர்கள். மூவரிடமும் கனிவான சொல் கூறி, எவர் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி ஏறத்தாழ 7 வயதுவரை பிள்ளை தாயிடம். பிறகு பிள்ளையே தேர்ந்துகொள்ளும். ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு 7 வயது, பெண்பிள்ளைக்குப் பருவமெய்தும்வரை. எவரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையுடையதே.

"அனுப்பும் பணத்தை அவள் வீட்டார் வீணடிக்கிறார்களே!" என்பார் சிலர். அப்படியானால் பள்ளிக் கட்டணத்தை நேரே கட்டுங்கள். மீதியை ஜமாஅத் மூலம் கணக்குடன் கொடுங்கள். சந்தேகம் வழியை மாற்றலாம், கடமையை மாற்றாது. "பிள்ளையை வெளியூருக்குக் கொண்டுபோய்விடுவாரே!" என்று அஞ்சும் தாய்மார், பெரியவர் ஒருவர் வீட்டில் வைத்துக் காட்டட்டும். அச்சம் நிபந்தனை விதிக்கலாம், கதவை அடைக்கலாகாது.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2 ஆண்டு என்றிருப்பதால் அத்தோடு பொறுப்பு முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்சநீதிமன்றம் அதனை மறுத்துவிட்டது. இன்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். அவ்வுத்தரவை, தந்தை இந்தியாவில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அங்குள்ள மாஜிஸ்திரேட் நிறைவேற்றலாம்.

கடல் கடந்தவரைச் சட்டத்தின் கை எளிதில் எட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அல்லாஹ்வின் கணக்குக்கு எல்லையுண்டா? அவன் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணி நடக்க நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.