மறைத்த ஓடும் மறைந்த பிழையும்

திருத்தொண்டத்தொகையிலே தில்லைவாழந்தணர்க்கு அடுத்துச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வணங்குவது, பரத்தையை நாடித் தம் இல்வாழ்வைக் குலைத்துக்கொண்ட ஒரு குயவரையே யாம். இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

தில்லையில் மட்கலம் வனைந்து, அடியார்க்குத் திருவோடு அளித்துவந்த திருநீலகண்ட நாயனார், இளமை மீதூரப் பரத்தை யொருத்தியிடஞ் சென்று மீண்டார். மனைவியார் மனைக்குரிய பணியனைத்துஞ் செய்தார். உடனுறைதற்கு மட்டும் இசைந்திலர். நாயனார் ஊடல் தீர்க்க அணுகியபொழுது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தீண்டலாகாதென விலக்கினார். அவர் 'எம்மை' எனப் பன்மையாற் கூறினமையின், மாதர் எவரையும் மனத்தினுந் தீண்டேனென நாயனார் உறுதிபூண்டார். அன்றுதொட்டு இருவரும் ஒரே மனையில், அயலார் அறியாவண்ணம், மூப்பெய்துமளவும் கூடாது வாழ்ந்தனர். பிழை ஒருவருடையது, அதன் பயனை அம்மையாரும் உடன் சுமந்தார்.

ஆணை பிழையாது காக்கப்பட்டதே. பின்னர்ச் சிவயோகியார் வேடந்தாங்கி இறைவன் வந்து, அடைக்கலமாகக் கொடுத்த ஓட்டைத் தானே மறைத்து, நாயனார்மீது களவுப் பழி சுமத்தியது எற்றுக்கு? மைந்தரில்லை யென்றார்க்கு, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுரைக்க என்றது எற்றுக்கு?

எமக்குத் தோன்றுவது இது. விரதத்தால் காமம் அடங்கிற்று. பிழையோ இருவர் நெஞ்சினுள்ளே மறைந்து கிடந்தது. தில்லைவாழந்தணர் அவையினும் நாயனார் காரணத்தை வெளியிட்டிலர். குளக்கரையில், மூங்கிற்றண்டின் இருதலையும் இருவரும் பற்றி நின்றபொழுது, கையைப் பற்றுகவென யோகியார் மீண்டும் வற்புறுத்தினார். அப்பொழுதே தம் பழஞ்செய்கையை யாவருங் கேட்கக் கூறி மூழ்கினார்; இளமையோடு எழுந்தனர் இருவரும். இறைவன் ஓட்டை மறைத்தது, அடியார் மறைத்ததனை வெளிப்படுத்தற் பொருட்டேயாம். மறைத்தலும் அருளே யென்னுஞ் சித்தாந்த உண்மைக்கு இதனினுஞ் சிறந்த சான்று யாது?

ஆகலின், இல்லறத்தார்க்கேயன்றித் துறவறத்தார்க்கும் இவ்வரலாறு பாடமாம். நோன்பினால் பிழையை மூடி வைத்தல் எளிது. அதனை நாவினால் மொழிதல் அரிது. பழிக்கஞ்சி நாம் காக்கும் மௌனத்தையே, நம்மால் துன்புற்றார் நம்மோடு சேர்ந்து சுமக்கின்றனர். அம்மௌனத்தைக் கலைக்கும் பழியும் ஒரோவழி இறைவன் தாங்கிவந்த வேடமேயாம் என உணர்ந்து உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.