அறிந்துகொள்வதும் அறமே

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்ததை விருதுநகர் மாவட்டம் மறக்கக் கூடாது. கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தம் நிலை அப்போது தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தவுடன் அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். சில நாட்களில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் முன்பு ஒருமுறை கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்ற செய்தி பிறகு வெளிவந்தது.

அவருக்குத் தொற்று எப்படி வந்தது என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. அறியாமை எத்தனை உயிர்களைச் சுடும் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

இந்த மாவட்டத்துப் பரளச்சி வட்டாரத்துக்குச் சாத்தூர் தொலைவில்லை. வானம் பார்த்த இந்தப் பூமியிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகிறவர்கள் பலர். போன இடத்தில் அவர்களில் ஒருவருக்குப் பலரோடு உறவு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆணுறை அணிந்திருந்தாலும் ஊர் திரும்பியபின் மனம் அரிக்கிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ‘பாதுகாப்பாகத்தானே இருந்தோம்’ என்று பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. சோதனை செய்துகொள்ள வேண்டும்; தொற்று இருந்தால் துணையாக வருபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆணுறையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சரியாக அணிந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனால் அது கிழியலாம், நழுவலாம், தாமதமாக அணியப்படலாம். மழைக்கு முன் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பார்த்து வருவது, கரை பலமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை. சோதனையும் அப்படித்தான்.

வள்ளுவர் ‘அறிவுடைமை’ அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்கிறார். வரப்போவதை முன்னறிந்து காப்பவரை நடுங்கவைக்கும் துன்பம் அணுகாது என்று அதே அதிகாரத்தில் உறுதி சொல்கிறார். பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாத அறிவால் என்ன பயன் என்று ‘இன்னா செய்யாமை’யில் கேட்கிறார். ‘மருந்து’ அதிகாரத்திலோ, நோய் இன்னதென்று அறிவதையே சிகிச்சையின் முதற்படியாக வைக்கிறார். நான்கும் சொல்வது ஒன்றே: அச்சம் வந்தால் அதை அறிவாக மாற்று, அந்த அறிவால் பிறரைக் காப்பாற்று.

அதற்கான வழியும் கடினமானதல்ல. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். தொற்றிய மறுநாளே சோதனையில் தெரிந்துவிடாது. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள், மற்றவற்றுக்கு 3 மாதம் கழிந்தால்தான் முடிவை உறுதியாக நம்பலாம். ஆணுறை கிழிந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. உரிய காலம் கடந்து ‘இல்லை’ என்று வந்தபின், புதிதாக ஆபத்து எதுவும் நேராதபோதும் மீண்டும் மீண்டும் சோதித்துத் தன்னை வதைத்துக்கொள்வதும் தேவையற்றது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ‘ரத்ததானம் செய்தால் அவர்களே சோதித்துவிடுவார்கள்’ என்று எண்ணுவது பெரும்பாவம். தொற்றிய தொடக்க நாட்களில் கொடுத்த ரத்தம் சோதனைக்குத் தப்பிவிடலாம். தன் ஐயத்தைத் தீர்க்க இன்னொருவரின் உடலைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. மனத்தில் ஐயம் இருக்கும்வரை ரத்தம் கொடுக்க முன்வராமல் இருப்பதே தானம்.

அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பாரும் உண்டு. நியாயமே. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சின்ன ஊரில் நாலு பேர் வாய்க்கு அஞ்சுகிறவர் மதுரைக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம். 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். ஊருக்குச் சொல்லாதிருப்பது உரிமை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சொல்லாதிருப்பது துரோகம்.

உறவில் எல்லை மீறுவதே பிழை என்று சொல்லக் குறளின் ‘பிறனில் விழையாமை’யும் நாலடியாரின் ‘பிறர்மனை நயவாமை’யும் இருக்கின்றன. அந்த அறிவுரை என்றைக்கும் பொருந்தும். ஆனால் நடந்ததை எண்ணி வெட்கப்பட்டு ஒளிவது அதற்குப் பரிகாரம் ஆகாது. சாத்தூரில் பாதிக்கப்பட்ட தாய்க்குத் தொற்று இருப்பது பிரசவத்துக்கு முன்பே தெரிந்ததால் சிகிச்சை தொடங்கியது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவம் இன்று உறுதி கூறுகிறது.

ஊருக்கும் இதில் கடமை உண்டு. சோதனைக்குப் போகிறவரைச் சாடையாகப் பேசும் வாய்தான் அடுத்தவரைப் போகவிடாமல் தடுக்கிறது. உண்மையைச் சொன்ன அந்த இளைஞர் வாழ்ந்திருக்க வேண்டியவர். ஐயமுள்ளவர்களே, சோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இருந்தால் உரியவரிடம் சொல்லுங்கள், மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருப்பவர்களே, அவர்களைக் கைவிடாதீர்கள்.