சரித்திரமும் ஈசுவர சங்கற்பமும்

சர்வகலாசாலையில் சரித்திரம் பயிலும் மாணவனுக்குக் கட்டாயப் பாடங்கள் போக, உலக சரித்திரத்தில் தானே தெரிந்தெடுத்துக்கொள்ளும் விருப்பப் பாடம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைப் பெரும்பாலோர் எந்த ஆசிரியர் தாராளமாக மார்க்குப் போடுவார் என்று விசாரித்தே எடுக்கிறார்கள். பரீட்சை என்ற ஒன்று இருக்கும்வரையில் அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும், மனிதரின் வெற்றி தோல்விகளில் ஈசுவர சங்கற்பத்தைக் காண முடியுமா என்ற பழைய வினாவை உண்மையாகவே ஆராய விரும்பும் ஆஸ்திக மாணவனுக்கு அதைவிடத் தக்க வாய்ப்பு வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

தன் தேசத்துச் சரித்திரத்தைப் படிக்கும்போது எவனும் நடுநிலையில் நிற்பதில்லை. தன்னவர் வென்ற போரில் தெய்வாநுகூலத்தையும் தோற்ற போரில் தெய்வத்தின் சோதனையையும் கண்டு திருப்தியடைந்துவிடுகிறான். கிரேக்கரோடும் துருக்கியரோடும் உறவோ பகையோ இல்லாத ஒருவன் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த வரலாற்றை எடுத்துக்கொள்ளட்டும். (கிறிஸ்தவ, முஸ்லிம் மாணவர்களுக்கு வேறொரு வரலாறு கிடைக்காமற் போகாது.) 1453-ஆம் ஆண்டு மே 29 அன்று துருக்கியர் மதிலைக் கடந்து நகருக்குள் புகுந்தபோது, ஜனங்கள் திரள் திரளாக ஹாகியா சோபியா ஆலயத்துக்குள் ஓடிக் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டார்கள். பகைவர் கான்ஸ்டன்டைன் ஸ்தம்பம் வரையில் வருவார்கள், அங்கே தேவதூதன் ஒருவன் வாளோடு இறங்கி, ஸ்தம்பத்தடியில் நிற்கும் பேரறியாத ஏழை ஒருவனிடம் அதைக் கொடுப்பான், அவன் அவர்களைப் பாரசீக எல்லை வரையில் விரட்டியடிப்பான் என்று ஒரு பழைய வாக்கு அவர்களிடையே வழங்கிவந்ததாக அக்காலத்துக் கிரேக்க சரித்திராசிரியர் டூகாஸ் எழுதிவைத்திருக்கிறார். பகைவர் ஸ்தம்பத்தையும் தாண்டி வந்தார்கள். ஆலயக் கதவுகள் உடைக்கப்பட்டன.

வென்றவர்களோ, அந்நகரம் தம்மவர் வசமாகும் என்று நபிகள் நாயகம் அருளியதாக வழங்கும் வாக்குப் பலித்ததென்று தொழுதார்கள். தோற்றவர்களுள் கென்னாடியோஸ் என்னும் துறவி, ரோமாபுரித் திருச்சபையோடு கூடிய பாவத்துக்கு வந்த தண்டனை என்று கொண்டார். அவரையே சுல்தான் மெஹ்மத் மறு ஆண்டில் கிரேக்கத் திருச்சபைக்குத் தலைவராக்கினார் என்பதும் நினைக்கத் தக்கது. இவ்வளவுக்கும், அம்மதிலைத் தகர்த்த பெரும் பீரங்கியை வார்த்த ஓர்பான் என்ற ஹங்கேரியத் தொழிலாளி முதலில் வேலை பார்க்க வந்தது கிரேக்கச் சக்கரவர்த்தியிடந்தான். அவன் கேட்ட சம்பளத்தைக் கொடுக்கக் கஜானாவில் பணமில்லாமையால் அவன் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தான். கஜானா காலியானதும் ஈசுவர சங்கற்பமே என்று ஒருவர் சொன்னால் மறுக்க வழியில்லை. ஆனால் எது நடந்தாலும் அப்படியே சொல்லிவிடலாமாகையால், அவர் நமக்குப் புதிதாக எதையும் தெரிவித்தவராகமாட்டார்.

410-ஆம் ஆண்டில் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது, பழைய தேவதைகளைக் கைவிட்டதன் பலன் இது என்று பழித்தவர்களுக்கு விடையாகவே அகஸ்டின் ‘தெய்வ நகரம்’ என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். இவ்வுலகத்து இன்ப துன்பங்கள் நல்லவர்க்கும் தீயவர்க்கும் பொதுவாகவே வந்தெய்துகின்றன என்பது அதில் அவர் கொண்ட முடிவு. தெய்வ சித்தத்தை அவர் மறுக்கவில்லை. ஒரு நகரம் வாழ்ந்ததையும் வீழ்ந்ததையும் கொண்டு அதை அறிந்துவிட்டதாகச் சாதிப்பதையே மறுத்தார். எனக்கும் அதுவே சம்மதம்.

ஆகவே, இவ்வாண்டு விருப்பப் பாடம் தெரிந்தெடுக்கும் மாணவ நண்பர்கள், தம் மதமும் தம் குலமும் சம்பந்தப்படாத ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொண்டு, வென்றவர் எழுதியதையும் தோற்றவர் எழுதியதையும் சேர்த்தே படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.