நல்லாருக்கேம்மா

கல்லூரி மூன்றாம் ஆண்டில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காகத் தேனியிலிருந்து சென்னைக்குப் போனேன். கற்ற வேலையைவிட, தினமும் இரவு போனில் சொன்ன ஒரு பொய்தான் இன்றும் யோசிக்க வைக்கிறது: "நல்லாருக்கேம்மா."

நன்றாக இல்லை. வேலை முடிந்த பிறகும் மேலாளர் அனுப்பிய செய்திகளைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருபவளையும் ஊழியராகவே கருதுகிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. இது எனக்குத் தெரியும். ஆனால் விஷயம் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய், "போதும், கெளம்பி வா" என்பார்களே! என்னோடு தங்கையின் பயணமும் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சான்றிதழ்தான் முதல் வேலையை வாங்கித் தந்தது.

நான் சொன்ன பொய் தவறா? அம்மாவை ஏமாற்றினேன், உண்மைதான். ஆனால் உண்மை சொன்னால் தண்டனை என்றிருக்கும் வீட்டில், பொய்யின் பொறுப்பு சொன்னவளுக்கு மட்டுமா? பெங்களூரில் மேலாளரோடு சண்டை என்று அண்ணன் சொன்னபோது, "வேற வேலை பார்த்துக்கலாம்" என்றார்கள். ஊருக்கு வரச் சொல்லவில்லை. எனக்குத் தந்த அனுமதியோ, ஏதாவது நடந்தால் பறிபோகக்கூடியது. அந்தப் பயத்தில் நான் காத்த மௌனம் மேலாளரைத்தான் பாதுகாத்தது.

போன மாதம் தங்கை கோவைக்கு இன்டர்ன்ஷிப் கிளம்பினாள். அதற்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். பிறகு தங்கையிடம் சொன்னாள்: "என்ன நடந்தாலும் சொல்லுடி. உன்னைய வரச் சொல்ல மாட்டேன். நான் வர்றேன்."